ஒற்றைக்காலில் எடுத்த படம்

“சுடலையிலை வெள்ளைச்சேலைப் பேய் நிக்குதெண்டு ஊரெல்லாம் கதை பரப்பிறது நீங்கள்தானே, பஞ்சலிங்கம் அண்ணை?” என்று கேட்டான் சுபாங்கன்.

மயானக் காவலாளர் பஞ்சலிங்கம் மறுக்கவில்லை.

“ஓம். திருவெம்பாவை தொடங்கின நாளிலையிருந்து விடியப்புறத்திலை வருகுது. குனியேக்கை கையிலையிருந்து புகை எழும்புது. என்ரை கண்ணாலை கண்டனான்.”

“நாளைக்கு அதைப் படமெடுத்து முகப்புத்தகத்திலை போடுறன். ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும்.”

“நேற்றும் எடுத்தனியாம். என்ன விழுந்தது?”

சுபாங்கன் முகம் சிறுத்தது. கடலேரிப் பறவைகளைப் படமெடுத்துப் பெயர் பெற்றவன் அவன். ஆயினும் அந்த அரையிருளில் வெறுங்கையால் எடுத்த படத்தில், ஒரு வெண்ணிறக் கலங்கலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“கை நடுங்கிப்போச்சோ?”

“நாளைக்கு நடுங்காது. மொனோபொட் கொண்டுபோறன்.”

“அதென்ன?”

“கமராவைத் தாங்கிற ஒற்றைக்கால். பாரமில்லை.”

“பேய்க்குக் காலில்லை, உனக்கு ஒரு கால். நல்ல பொருத்தம்.” பஞ்சலிங்கத்தின் சிரிப்பு சட்டென நின்றது. “வேண்டாம் தம்பி. பார்க்கக்கூடாததைப் பார்க்க வெளிக்கிடாதை.”

மறுநாள் விடியுமுன்னரே சுபாங்கன் மயானத்து இடிந்த மதிலின் பின்னால் ஒளிந்திருந்தான். பனி இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் கோயிற் சங்கு ஒலித்து அடங்கியது.

தாங்கியை நெஞ்சளவுக்கு நீட்டி, அதன் அடியை ஈரமண்ணில் அழுத்தினான். தன் கால்களை இருபுறமும் அகட்டி ஊன்றினான். கமரா அசையவில்லை.

உருவம் வந்தது. காலடி ஓசை இல்லை.

எரிமேடையின் முன்னே நெடுநேரம் நின்றது. பின்னர் மெல்லக் குனிந்தது. அதன் கையிலிருந்து புகை எழுந்தது.

சுபாங்கன் குவியத்தைச் சரிசெய்தான். விரல் பொத்தானை அழுத்தியது.

படத்தைப் பெரிதாக்கினான். இம்முறை கலங்கல் இல்லை. உருவத்தின் கையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல். அதிலிருந்து மண்ணில் வார்க்கப்படும் தேநீரின் ஆவிதான் புகை.

முகம் அவனுடைய அம்மா குணலட்சுமியினுடையது.

திருவெம்பாவைக்கென்று சொல்லி வீட்டிலிருந்து புறப்பட்டவர்.

“இண்டைக்குச் சீனி போட்டிருக்கிறன்,” என்று அவர் எரிமேடையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இனி உங்களை ஒண்டும் செய்யாது.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அப்பாவின் பாடை புறப்பட்டபோது பின்னால் ஓடிவந்த அம்மாவை வீட்டு வாசல் ஒழுங்கையிலேயே மறித்தவன் சுபாங்கன்தான். ‘பொம்பிளையள் சுடலைக்கு வரக்கூடாது, அம்மா.’

படத்தை அழித்துவிட்டு, வந்த வழியே ஓசையின்றித் திரும்பினான்.

காலையில் சந்தித் தேநீர்க் கடையில் நாலு பேர் முன்னிலையில் பஞ்சலிங்கம் கேட்டார்.

“படம் விழுந்ததோ, தம்பி?”

“இல்லை அண்ணை. அது பேய்தான். விடியப்புறத்திலை ஒருத்தரும் அந்தப் பக்கம் போகாதேங்கோ.”

கடையிலிருந்தவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்தனர். ஒவ்வொருவராக எழுந்து போயினர்.

பஞ்சலிங்கம் அவனருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கும் சுடலைக் கேற்றைத் திறந்துதான் வைப்பன். எனக்குத் தெரியுமெண்டு உன்ரை அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.”