மஞ்சள் மாத்திரை

டியூப் லைட் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி கொசுக்கூட்டமாய் மிதக்கிறது. வெள்ளைச் சட்டைகளுக்குக் காலர் தைப்பவள் மெஷின் மேல் தலை சாயும் நேரம் பார்த்து, சூப்பர்வைசர் ஸ்கேலால் மேஜையைத் தட்டுகிறார். “தூங்கவா வந்தே? அரை நாள் கூலி கட்.” தூசி ஒத்துக்கொள்ளாத உடம்பு; இமை வீங்கி, மூக்குச் சிவந்து நிமிர்கிறாள். “தும்முறேன்னு காலையில மஞ்சள் மாத்திரை கொடுத்தது நீங்கதானே சார்? அதைப் போட்டா தூக்கம் வரத்தான் செய்யும்.” “தும்மித் துணியைப் பாழாக்காதேன்னு கொடுத்தேன். குறட்டை விடுன்னா கொடுத்தேன்?” பக்கத்து மெஷின்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு காது கொடுக்கின்றன. தூசி ஆள் பார்ப்பதில்லை. அவருக்கும் தும்மல் பிய்த்துக்கொண்டு வருகிறது. சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஒரு அட்டையை எடுத்து, வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி வாயில் போடுகிறார். அவள் பார்வை அந்த அட்டையிலேயே நிற்கிறது. “உங்களுது வேறயா இருக்கே.” “இது தூக்கம் வராதது. விலை ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று முழிக்கிறார். தைத்து முடித்த காலரை ஊசிக்கடியிலிருந்து உருவி, நூலைக் கத்தரித்து, ஆற அமர அதிலேயே மூக்கைச் சிந்துகிறாள். அவர் கையில் வைக்கிறாள். “இதையும் சேர்த்துக் கட் பண்ணிக்குங்க சார்.”