மூடி வைத்தாலும் வேலை நடக்கும்

"உள்ளே ஒண்ணுமே இல்லாத பெட்டிக்கு இவ்வளவு விலையா?" என்று தமயந்தி கடையிலேயே கேட்டுவிட்டாள். எல்லாமே கிளவுடில் இருக்கும், பிரீமியம் திட்டம் எடுத்தால் மூடி வைத்தாலும் சாருடைய வேலை நடக்கும் என்றார் விற்பனையாளர். அவள் கணவன் இளம்பரிதி பிரீமியத்தோடு லேப்டாப்பை வாங்கிவிட்டான். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்பது அவன் வேலை.

சரஸ்வதி பூஜையன்று தமயந்தி அந்த லேப்டாப்பைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பிள்ளைகளின் புத்தகங்களோடு அடுக்கினாள். "நாளைக்குப் பூஜை முடிஞ்சுதான் தொடணும், சொல்லிட்டேன்." அவனும் தொடவில்லை. வெகுநாளுக்குப் பிறகு மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் பூஜை முடிந்து லேப்டாப்பைத் திறந்ததுமே ஓர் அழைப்பு வந்தது. வயதான ஒரு பெண்ணின் குரல்.

"நேத்து எங்க வீட்டுக்காரர் போனதைப் பத்தி அவ்வளவு நேரம் பேசினேனே, அதே தம்பிதானே?"

நேற்று அவன் எந்த வாடிக்கையாளரிடமும் பேசவில்லை.

"ஆமாம்மா," என்றான். "பாலிசி நம்பர் சொல்லுங்க."



"இன்னைக்கு ஏன் தம்பி அவசரப்படறீங்க? நேத்து மாதிரி பேசுங்களேன்."

அவனுக்கு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. தமயந்தி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமம் கலையாத மூடியை அவன் மெதுவாக மூடினான்.

"சொல்லுங்கம்மா. முதல்ல, சாப்பிட்டீங்களா?" என்று பெட்டிக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.