மெக்கானிக் கடையில் மாப்பிள்ளை விசாரணை

விலைக்கு வாங்க வந்தவர் போல மைதீன் அந்தக் கறுப்பு பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டு செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"விக்குத வண்டியா தம்பி?"

பாண்டியராஜ் நிமிரவில்லை. சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் அவன் பட்டறை. பைக்கின் இன்ஜின் ஹெட்டைக் கழற்றி, சாக்கின் மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விக்கமாட்டாங்க பாய். இது வேலை பாத்த வண்டி."

"அப்படி என்ன வேலை?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவன் போல அவன் முகம் மலர்ந்தது.

"கல்யாண வீட்டுப் பந்தி பாத்திருக்கீங்கள்லா? சிலிண்டர்தான் பந்தி நடக்குத ஹாலு. வாசக் கதவ எப்பத் தொறக்கணும், எம்புட்டு நேரம் தொறந்து வைக்கணும்னு முடிவு பண்ணுதது இந்த கேம் ஷாஃப்ட்டு." புடைப்பு புடைப்பாக இருந்த ஒரு சின்ன இரும்புத் தண்டைத் தூக்கிக் காட்டினான். "கம்பெனிக்காரன் போட்டதக் கழத்திட்டு இத மாட்டிருக்கோம். கதவு நல்லாத் தொறக்கும், கூட நேரமும் தொறந்திருக்கும். காத்தும் பெட்ரோலும் முண்டியடிச்சு உள்ள வரும்."

"இந்த ஹெட்டு?"

"அது உள்ள வார நடை. தேச்சு வழுவழுன்னு ஆக்கியாச்சு, எங்கயும் தட்டாது. தின்னவன் சட்டுனு வெளிய போனாத்தான அடுத்த பந்தி? அதுக்குத்தான் அந்த சைலன்சர். கேமையும் ஹெட்டையும் தொடாம வெறும் சைலன்சர மட்டும் மாட்டிட்டுத் திரியுதானுவளே, அது வெத்துச் சத்தம் பாய். இதுதான் ஓட்டம்."

"ரொம்ப வேகமோ?"

"மெதுவாப் போனாத்தான் தகராறு. பஜார்ல உருட்டுனா டுப்பு டுப்புன்னு அணையப் பாக்கும். ஊரத் தாண்டி முறுக்குனாத்தான் இதுக்கு உசுரே வரும்."

மைதீன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். போன வருஷம் தம்பி மகன் நியாஸ் இப்படி ஒரு வண்டியில்தான் போய்ச் சேர்ந்தான். சவுதி தம்மாமிலிருந்து ஓடிவந்து, அவனை அடக்கம் செய்த மையவாடியில் நின்றவர், எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னார். பைக்கை முறுக்குகிற எவனுக்கும் என் மகளைக் கொடுக்கமாட்டேன்.

நாளைக்கு அந்த மகள் ஹஸ்னா பானுவுக்குக் கல்யாணத் தேதி குறிக்கிறார்கள். அவள் கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வேலைக்கு வந்து போகிறவள். மாப்பிள்ளை ஷேக் ஃபரீத்துக்கு இங்கேயே ஜவுளிக்கடை. அலைச்சல் மிச்சம் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மைதீனுக்கும்தான், இன்று காலை வரைக்கும்.

கல்யாணப் பேச்சுக்காக மறுபடி ஊருக்குத் திரும்பிய கையோடு மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கலாம் என்று பஸ் ஏறி வந்தார். எதிர்ச் சாரி டீக்கடையில் நின்றபோது, பனைமரம் மாதிரி வளர்ந்த அந்தப் பையன் இந்த பைக் பக்கத்தில் நின்று மெக்கானிக்கிடம் கையைப் பிசைவதைப் பார்த்துவிட்டார்.

சீட்டை அமுக்கிப் பார்த்தார். பஞ்சை வெட்டி நன்றாகத் தாழ்த்தியிருந்தார்கள். குனிந்து பறக்கத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"காலையில ஒரு நெட்டப் பையன் வந்தானே தம்பி?"

"ஜவுளிக்கடை ஃபரீத்தா? ஆமா. அண்ணாச்சி, கல்யாணத்துக்குள்ள இதெல்லாத்தையும் கழத்திட்டு கம்பெனி சாமானையே மாட்டிருங்கன்னு ஒரே கெஞ்சல். கேட்டுச் சொல்லுதேன்னு அனுப்பி வச்சேன்."

"கல்யாணத்துக்குள்ளயா?"

"ஆமா பாய். முகமே செத்துப்போயிருந்துச்சு."

மறைக்கப் பார்க்கிறான். நிக்காஹ் முடிகிற வரைக்கும் பூனை மாதிரி இருந்துவிட்டு, அப்புறம் என் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முறுக்குவான். மைதீன் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"இந்த வண்டி எங்கயும் விழுந்திருக்கா? அல்லா மேல ஆணையாச் சொல்லு."

பாண்டியராஜ் தயங்கினான். "ஒருவாட்டி. பனவடலிசத்திரம் வளைவுல. லேசான சிராய்ப்போட போச்சு."

அதற்கு மேல் மைதீனால் பொறுக்க முடியவில்லை. செல்போனை எடுத்து சம்பந்தி சாதிக்கின் நம்பரை அழுத்தினார்.

"யாருக்குப் பாய் போன்?"

"பையனோட வாப்பாவுக்கு. நான் வண்டி வாங்க வந்தவன் இல்லவே. பொண்ணப் பெத்தவன். நாளைக்கு யாரும் எங்க வாசல மிதிக்கண்டாம்னு சொல்லப் போறேன். என் மக ஹஸ்னாவ இந்த எமனுக்குப் பலி குடுக்கமாட்டேன்."

பாண்டியராஜ் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"ஹஸ்னா பானு வாப்பாவா நீங்க? பாய், போன வைங்க. மொதல்ல வைங்க!"

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்வே, நல்ல கிராக்கி கைவிட்டுப் போயிருமோ?"

"ஐயோ, அவருக்கு கியர் வண்டியே ஓட்டத் தெரியாது பாய்!"

"பின்ன இது யாரு வண்டி?"

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி, சொல்லுங்க" என்றது போன்.

பாண்டியராஜ் அவர் காதருகே குனிந்தான்.

"உங்க மக வண்டி."