சக்கரத்துக்கு அளவு

“நேரா நில்லும்மா. குதிகாலைத் தூக்காதே!”

பியூன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, அவள் உச்சந்தலையிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டார். அவளோ சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். பின்னே? சக்கர ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கமே ஆள் அனுப்பி வரவழைத்து அளவெடுக்கிறது என்றால் சும்மாவா?

அந்த விளையாட்டே அப்படி. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும் இரட்டை வளையச் சக்கரத்துக்குள் நின்று, கைகாலை விரித்து, தலைகீழாக உருள வேண்டும். ஆளுக்கு அளவெடுத்துத்தான் சக்கரம் செய்வார்கள்.

இவளுக்கு ஏது அந்தக் கொடுப்பினை? ஆறு வருஷமாகக் கோச்சின் பழைய சக்கரத்தில்தான் உருளுகிறாள். கோச் நல்ல மனுஷர், ஆனால் குள்ளம். முழங்காலை மடக்கி மடக்கி, தலையில் ணங்கு ணங்கென்று இடி வாங்கியே மூன்று வருஷம் முதல் பரிசு வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் வெளிநாட்டுப் போட்டி. வயசு இருபத்தெட்டு ஆகிறது, இதை விட்டால் இன்னொரு போட்டி கிடையாது.

“எவ்வளவுய்யா?” என்றார் செயலாளர், மேஜை மேல் இருந்த தாளைப் பார்த்தபடி.

“அஞ்சடி ஏழு இஞ்ச், சார்.”

“அடடா, ரெண்டு இஞ்ச் கூட வருதே! கொண்டையை அவுக்கச் சொல்லி இன்னொரு தடவை எடு.”

அவள் சந்தோஷமாகவே அவிழ்த்தாள். ரெண்டு இஞ்சுக்கு இவ்வளவு அக்கறையா! இந்தச் சங்கத்தையா இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டினோம் என்று வெட்கமாகிவிட்டது.

“சார், ஒரு ரவுண்டு உருண்டு காட்டட்டுமா?”

“அதெல்லாம் எதுக்கும்மா? அளவுதான் முக்கியம். வெளியே உட்காரு.”

வராந்தாவுக்கு வந்ததும் புருஷனுக்குப் போன் போட்டாள். “என்னங்க, அளவெடுத்துட்டாங்க! இனிமே தலையில இடிக்காது!”

“அப்பாடா! அப்ப தைலம் வாங்க வேண்டாம்ல?” அவன் கவலை அவனுக்கு.

உள்ளே திடீரென்று கைதட்டல். எட்டிப் பார்த்தாள். ஆபீசுக்கு டீ கொண்டுவரும் அக்கா, கையில் ஃபிளாஸ்க்கோடு சுவரோரம் விறைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“அஞ்சடி அஞ்சு! இம்மி பிசகல சார்!” பியூன் ஸ்டூலிலிருந்து குதித்தே விட்டார்.

“ஐயோ சார், எனக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே வாந்தி வரும்.”

“போகப் போகப் பழகிடும்மா. பாஸ்போர்ட் இருக்கா?”

வராந்தாவில் நின்றவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள். “சார், அந்த அக்காவுக்கு எதுக்கு அளவு? எனக்கு எப்ப சக்கரம் செய்யப் போறீங்க?”

செயலாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சக்கரம் போன மாசமே வந்தாச்சும்மா, இப்ப அதுக்கு ஏத்த ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்.”