பாஸ்போர்ட் வரும் முன்னே

லாண்டரிக்காரம்மாவின் ஒரே மகளுக்குக் கடல் தாண்டிய ஊரில் அடுத்த மாதம் பிரசவம். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. அம்மாதான் போயாக வேண்டும்.

பாஸ்போர்ட் ஆபீஸில் எல்லாம் சுலபமாகவே முடிந்தது. ரேகை எடுக்கும் இயந்திரம் மட்டும் அவள் விரல்களை ஏற்காமல் அடம்பிடித்தது.

"துணி வெளுத்தே தேஞ்சுபோச்சும்மா."

கவுன்ட்டர் பெண் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்தாள். ஒருவழியாகப் பதிந்தது.

"பாஸ்போர்ட் வீட்டுக்கே வந்துடும். கிளம்புங்கம்மா."

கால் தரையில் பாவாமல் வெளியே வந்தவள், மகளுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா, போன வேலை முடிஞ்சுது."

"யாருங்க? கொஞ்சம் மெதுவா பேசுங்க," என்றாள் மகள். குரல் அவளுடையதேதான். "ஊர்லேருந்து வந்திருக்கற எங்கம்மா இப்பதான் குழந்தையத் தூங்க வச்சிட்டுக் கண்ணசந்தாங்க."

லாண்டரிக்காரம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது; ரேகை கொடுத்த விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, தூங்குகிறவர்கள் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குழந்தை யார் சாடை?" என்று கேட்டாள்.