எல்லாச் சண்டைகளும்

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன் டில்லிபாபு, ஒளிபரப்பு ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான். அந்த வீட்டின் முதல் பட்டதாரி, வக்கீலுக்குப் படித்த தங்கை எஸ்தர், சும்மா விடுவாளா?

"எரும! வூட்ல ஒரு வக்கீல் கீறேன், கொண்டாந்து காட்டணும்னு தோணலியா?"

வியாசர்பாடி வீட்டு ஜன்னல் வழியாக ஒளிபரப்புக் கம்பெனியின் பேசும் கேமரா பறந்து வந்து மணி அடித்து அறிவித்தது: "முதல் ரவுண்டு! நேரலை!"

ஒப்பந்தத்தில் 'டில்லிபாபு போடும் எல்லாச் சண்டைகளும்' என்றல்லவா எழுதியிருந்தது! ஒரு வாரமாக இதே கூத்து. ஊரே பார்க்கிறதே என்று எஸ்தர் பாதித் திட்டை விழுங்குவாள். அண்ணன் கேமராவைப் பார்த்து இளிப்பான்.

கடைசியில் அவள் முப்பத்தேழு பக்கங்களையும் படித்தாள். பதினான்காம் பக்கத்தில் பிடி கிடைத்தது. இருவருமே தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தால்தான் சண்டை கணக்கில் சேரும்.

கேமராவுக்கு முன்னால் எடைபோடும் மெஷினில் ஏறி நின்றாள். நாற்பத்தாறு.

"ஒளிபரப்பு உரிமை இல்லை. மன்னிக்கவும்," என்று கேமரா ஜன்னல் பக்கம் திரும்பியது. எஸ்தர் கதவைத் தாழிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

நூற்றுப்பத்து கிலோ டில்லிபாபு கேமராவின் பின்னால் ஓடினான்.

"சார், போவாதீங்க சார்! இன்னும் பத்து வர்சத்துக்குக் கையெழுத்துப் போடறேன் சார், படிக்காமலே போடறேன்!"