பழகின பஞ்சு

"மதினி, உங்க மீன் தொட்டியில கெடக்குற அழுக்குப் பஞ்சுல ஒரு துண்டு வேணும்."

அருணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் ஜோதி, தூறலில் நனைந்துகொண்டு சிலமலையிலிருந்து போடிக்கு பஸ் ஏறி வந்து கேட்கிற பொருளா இது?

எல்லாம் ஒரு காதுகுத்தில் வந்த வினை. ஜோதியின் பிள்ளைக்குத் தாய்மாமன், அருணாவின் கணவன் ராஜாராம்தான். அன்றைக்கென்று பார்த்து போடிமெட்டில் மூடுபனி இறங்க, ஏலக்காய் லோடோடு அவனுடைய ஜீப்பு நடுவழியில் நின்றுபோனது. நல்ல நேரம் போகிறதென்று பிள்ளையை ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் காது குத்திவிட்டார்கள். சீர்த்தட்டோடு காத்திருந்த அருணா, தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியவள்தான். ஜோதி எத்தனை போன் போட்டும் எடுக்கவில்லை. கொடுத்துவிட்ட பலகாரமும் வந்த வழியே திரும்பியது.

இப்போதும் கதவைச் சாத்தத்தான் போனாள். தன் வீட்டு மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது என்று ஜோதி அதற்குள் சொல்லிவிட்டாள். அருணாவின் கை கதவிலேயே நின்றது. தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தன் மீன்களை வைக்கிறவள் அருணா.

"பில்டர்ல என்ன போட்டிருக்க?"

"புதுப் பஞ்சு, மதினி."

"புதுசு அழுக்கைத்தான் பிடிக்கும். மீனு கழிக்கிற வெஷத்தை முறிக்காது. உள்ள வா."

உள்ளே விளக்குப் போடவில்லை. தொட்டியின் பச்சை வெளிச்சம் சுவரெல்லாம் மெல்ல அலைந்தது. மலைக்காற்றில் ஏலக்காய் வாசம் வந்தது. மீன்கள் தூக்கத்தில் நடப்பவை போலப் போய்வந்தன. எதற்கு வந்தோம் என்பதே மறந்து ஜோதி பார்த்துக்கொண்டு நின்றாள். அருணாவும் பக்கத்தில் நின்றாள்.

பிறகு அருணா பில்டரிலிருந்து காப்பிப்பொடி நிறத்தில் இருந்த பஞ்சை எடுத்தாள். வெள்ளைப் பஞ்சு, செராமிக் வளையம், கரி எல்லாம் கடையில் கிடைக்கும். பழகின பஞ்சு மட்டும் உறைமோர் மாதிரி, இன்னொரு வீட்டில்தான் வாங்க வேண்டும் என்றாள். பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் போட்டுக் கட்டினாள்.

"கொழாத் தண்ணியில அலசிப்புடாத. அந்த அழுக்குலதான் வெஷத்தை முறிக்கிற உசுரு இருக்கு. வெரசா கொண்டுபோய்ப் போடு."

பையை வாங்கிய ஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. மீனுக்காக அழுகிறாள் என்று நினைத்த அருணாவுக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை நாள் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒண்ணும் ஆகாது ஜோதி. ஞாயித்துக்கெழம ஒங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டு நானே வந்து தொட்டியப் பாக்குறேன்."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு வண்ணமீன் கடை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜோதி படியேறினாள்.

"அண்ணே, இதுவரைக்கும் எங்க வீட்டுல மீனே வளத்ததில்ல. தொட்டி, மோட்டார், மீனு எல்லாம் குடுங்க. பஞ்சு மட்டும் வேணாம், அது எங்க பொறந்த வீட்டுல குடுத்திருக்காங்க."